பிரபுவின் தாய் யார்

மார்க்ஸ் டோர்மோய் தெருவில் இருந்த வீட்டில் நமக்கு இருந்தது ஒரேயொரு மேசை. மாஸ்டர் பட்டப் படிப்பின் கடைசி வருடத்தில் உங்கள் அக்கா அதில் பாதியை எடுத்துக்கொண்டாள். நீங்கள் இருவரும் மறுபாதியில் வீட்டுப்பாடம் எழுதியது நினைவிருக்கலாம். அவள் ஆராய்ந்தது எண்ணூறு வருடங்களுக்கு முன் வாழ்ந்த ஒரு பிரெஞ்சுப் பிரபுவைப் பற்றி. அவன் எப்போது பிறந்தான், யார் பெற்றாள் என்று எங்கும் எழுதப்படவில்லை. அதைக் கணிப்பதுதான் அவளுடைய வேலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, லா சப்பல் தமிழ்க் கடையில் வாங்கிய முருங்கைக்காயை வெட்டிக்கொண்டே அவளிடம் கேட்டேன்.

"பிறப்புப் பத்திரம் இல்லாமல் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது, பிள்ளை?"

"வளந்த ஆம்பிளைதான் அந்தக் காலத்தில தன்ர முத்திரையைக் குத்தலாம் அப்பா. இந்தக் காணி உறுதியில அவன்ர முத்திரை இருக்கு. அப்ப அதுக்கு இருபது வருசம் முந்தியாவது பிறந்திருக்க வேணும்."

"அதுக்கும் முந்திப் பிறந்திருக்கலாமே?"

"ஓம். அதுக்குத்தான் தாய் ஆரெண்டு தெரிய வேணும்."

பிரபுவின் தகப்பனுக்கு இரண்டு மனைவிகள். இரண்டாவது மனைவியின் மகன் என்றால், அந்தக் கலியாணத்துக்குப் பிறகுதான் பிறந்திருப்பான். பிறந்த காலம் அந்தக் கலியாணத்துக்கும் முத்திரை காட்டிய வருடத்துக்கும் இடையில் இரண்டு மூன்று வருடங்களுக்குள் அடங்கிவிடும். முதல் மனைவியின் மகன் என்றால் வெகுகாலம் பின்னால் போகலாம். இரண்டாவது மனைவி இறந்தபோது பிரபுதான் அவளை மடத்தில் அடக்கம் செய்து, துறவிகளுக்கு ஒரு வயலும் கொடுத்தான் என்று ஒரு பத்திரம் இருந்தது. ஆகவே அவள்தான் தாய் என்று அக்கா எழுதி முடித்திருந்தாள். வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும்.

"தாயின்ர காரியத்தை அவன் செய்தவன் எண்டால், அவன்தான் கடைசிப் பெடியன்" என்றேன்.

"அப்பா, அவன் யாழ்ப்பாணத்தான் இல்லை."

"சைவமும் இல்லை" என்றாள் அம்மா குசினிக்குள் இருந்து.

நம்மில் தகப்பனுக்கு மூத்த மகனும் தாய்க்குக் கடைசி மகனும் கொள்ளி வைப்பார்கள். நான் அந்த நினைப்பில் சொல்லிவிட்டேன்.

"அப்ப அப்பம்மாவுக்கு நீங்களோ வைச்சது? நீங்கள்தானே கடைசி?" என்று அக்கா கேட்டாள்.

"இல்லை. எனக்கு அப்ப இஞ்சை விசா இல்லை. போனால் திரும்பி வரேலாது. என்ர பெரியம்மாவின்ர மகன் வைச்சவர்."

அக்கா பேனாவைக் கீழே வைத்தாள்.

"அந்தச் செத்தவீட்டை மட்டும் வைச்சு எழுதினால், அவரைத்தானே மகன் எண்டு எழுதுவினம்?"

"எழுதுவினம். தெரிஞ்ச ஆக்கள் சிரிப்பினம்."

அவள் பிரெஞ்சில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். அம்மா எட்டிப் பார்த்தாள்.

அக்கா அந்த அடக்கப் பத்திரத்தைத் திரும்ப வாசித்தாள். அந்தச் சீமாட்டியை அது எங்கும் அவனுடைய தாய் என்று சொல்லவில்லை. சொத்துக்கு உரிமையானவன் சிற்றன்னையையும் அடக்கம் செய்திருப்பான். தாய் என்பது அக்கா தானாகச் சேர்த்தது.

"உப்பிடியே குடு பிள்ளை. ஆரும் கவனிக்க மாட்டினம்."

"நான் கவனிச்சிட்டனே அப்பா."

வெள்ளிக்கிழமைக்குள் அந்த அத்தியாயத்தை மாற்றி எழுதினாள். இரண்டு மூன்று வருடமாக இருந்தது இருபதுக்கும் மேல் விரிந்தது. வாய்மொழித் தேர்வு நாளில் நானும் அம்மாவும் பின்வரிசையில் இருந்தோம். பிறந்த காலத்தை ஏன் இவ்வளவு அகலமாகக் கணித்தாய் என்று பேராசிரியர் கேட்டார். அக்கா நீளமாகப் பதில் சொன்னாள்.

"என்னவாம்?" என்று அம்மா என் காதுக்குள் கேட்டாள்.

"தாய் ஆரெண்டு தெரியாதாம்."

"உதைச் சொல்லவோ இவ்வளவு நாளும் மேசையைப் பிடிச்சு வைச்சிருந்தவள்?"

பேராசிரியர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். அன்று பின்னேரம் மேசை நமக்குத் திரும்பக் கிடைத்தது.