கீழ்ப்பக்கம் பிடித்தவன்

இது என் நாத்தனாருக்கு நடந்தது. அவளுக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். அவள் கிழக்கே என்றால் நான் மேற்கே என்பேன். அவளுக்காக ஒரு பொய் சொல்ல வேண்டிய தலையெழுத்து எனக்கு இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவள் ரத்த வங்கியில் வேலை பார்ப்பவள். பல்லியை வெறுங்கையால் பிடித்து ஜன்னலுக்கு வெளியே விடுவாள். யாராவது பேய் என்று ஆரம்பித்தால், "அதுக்கு என்ன குரூப் ரத்தம்?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவாள். அப்படிப்பட்டவள் அன்று சாயங்காலம் எனக்குப் போன் செய்தாள். பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. அந்த மூச்சு இன்னும் என் காதில் இருக்கிறது.

அவளுக்கு வேறு மருத்துவமனைக்கு மாற்றல் ஆகியிருந்தது. கணவர் கப்பலில். தனியாளாக அலைந்து ஒரு வீடு பிடித்தாள். மேட்டின் உச்சியில், காற்றும் வெளிச்சமுமாக அருமையான வீடு. வழிதான் எமன். சாலை அடிவாரத்தோடு முடிந்துவிடும். அதற்கு மேல் செங்குத்தான கல்படிகள். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் மதில். எதிரே ஒருவர் வந்தால் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ள வேண்டும். பாதி வழியில் முழங்கை மாதிரி ஒரு திருப்பம்.

வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனிக்காரர் வந்து பார்த்துச் சிரித்தார். "மேடம், இதுல பூனைதான் போகும். வண்டி நிக்கற இடம் வரைக்கும்தான் எங்க பொறுப்பு." சாமான்களைப் படியடியில் இறக்கித் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போய்விட்டார்கள்.

தெருமுனைக் கடைக்காரர் தைரியம் சொன்னார். "இதுக்கெல்லாம் உள்ளூர் ஆளுங்கதான் சரி. நான் சொல்லி அனுப்பறேன்."

மறுநாள் காலையில் மேஸ்திரி மூன்று ஆட்களோடு வந்தார். தடித்த கழுத்து. அதிகம் பேசாதவர். படிகளை அண்ணாந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இந்தப் படியா?"

"ஆமா. கடைக்காரர் சொல்லலையா?"

"தெரிஞ்சிருந்தா வந்திருக்கவே மாட்டேன்." ஆட்கள் மூவரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் பின்வாங்க மனமில்லை போல. "சரி... பெரிய சாமான் என்னென்ன?"

"ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், ஒரு இரும்பு பீரோ."

பீரோ என்றதும் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வானம் மூடிக் குளிர்காற்று அடித்துக்கொண்டிருந்தது. வியர்க்கிற பொழுதே இல்லை.

வேலை நன்றாகத்தான் நடந்தது. என் நாத்தனார் மேலே வாசல் கதவருகே நின்று, எது எந்த அறைக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒன்றை மட்டும் கவனித்தாள். எந்தச் சாமானானாலும் மேஸ்திரி மேல்பக்கம்தான் பிடிப்பார். பாரம் முழுவதும் இறங்கும் கீழ்ப்பக்கத்தை மற்றவர்களுக்கு விடுவார். திருப்பம் வந்தால் அவர் முகம் மதில் பக்கம் திரும்பிக்கொள்ளும்.

வாஷிங் மெஷினை இறக்கி வைத்துவிட்டு, கீழ்ப்பக்கம் பிடித்து வந்த தாடிக்காரன் தன் கைகளையே பார்த்தான்.

"என்னப்பா, அடிபட்டுச்சா?"

"இல்லக்கா. கனமே தெரியல. எனக்குக் கீழ இன்னொருத்தன் தாங்கின மாதிரி இருந்துச்சு."

"நல்லதுதானே" என்று சிரித்தாள் அவள்.

மேஸ்திரி சிரிக்கவில்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"வாயை மூடிட்டு வேலையைப் பாருடா" என்றார்.

மதியத்துக்கு மேல் கீழே பீரோ ஒன்றுதான் பாக்கி. நான்கு பேருமாகத் திருப்பம் வரை ஏற்றிவிட்டார்கள். அதற்கு மேல் வழி இன்னும் குறுகல். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர்தான் பிடிக்க முடியும். அந்த நேரம் பார்த்து மழை தூற ஆரம்பித்தது. திருப்பத்துக்கு மேல் படியில் வைத்திருந்த மெத்தைகள் நனைந்துவிடும் என்று மற்ற மூவரும் அவற்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். அவளைத் தாண்டி வீட்டுக்குள் போனார்கள். மெத்தை மறைத்ததில் எத்தனை பேர் போனார்கள் என்று அவள் கவனிக்கவில்லை.

திருப்பத்தில் மேஸ்திரியும் பீரோவும் மட்டும்.

"எவனாவது ஒருத்தன் வாங்கடா!" என்று கத்தினார்.

"வந்துட்டேன்."

பதில் கீழே இருந்து வந்தது. இளைஞனின் குரல். மூவரில் ஒருவன் கீழேயே நின்றுவிட்டான் போல என்று அவள் நினைத்தாள். மேஸ்திரியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். கயிற்றைத் தோளில் மாட்டி, பீரோவுக்கு முதுகைக் காட்டி, ஏற ஆரம்பித்தார்.

பீரோ எழுந்தது.

சரக்... சரக்... கயிறு உராயும் சத்தம். மேஸ்திரியின் மூச்சு. அதற்குப் பின்னால் இன்னொரு மூச்சு.

அவள் நின்ற இடத்திலிருந்து மேஸ்திரி தெரிந்தார். பீரோ தெரிந்தது. பீரோவுக்குப் பின்னால் இருந்தவன் தெரியவில்லை. விரல்கள் மட்டும் தெரிந்தன. இரண்டு ஓரங்களிலும் அழுத்திப் பிடித்த விரல்கள். நகங்கள் கறுத்துப்போயிருந்தன.

"மெதுவாடா" என்றார் மேஸ்திரி.

"சரி அத்தான்."

மேஸ்திரி நின்றார்.

மழை கொஞ்சம் வலுத்தது.

"...யாரு பின்னாடி?"

"நான்தான் அத்தான்."

அவள் சட்டென்று வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள். நெட்டையன் மெத்தையை உதறிக்கொண்டிருந்தான். குள்ளன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். தாடிக்காரன் தலை துவட்டிக்கொண்டிருந்தான்.

மூன்று பேர்.

மூவரும் உள்ளே.

அவள் வாசல் கதவை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மேஸ்திரி கயிற்றைக் கழற்றப் பார்த்தார். அது தோளை விட்டு வரவில்லை. இறுகிக்கொண்டே போனது. தோல் கிழிந்து சட்டை சிவந்தது. திரும்பிப் பார்க்கவும் முடியவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது.

"டேய்... வேணாம்டா... அக்காவை நினைச்சுப் பாருடா..."

"அக்காவைத்தான் நினைச்சுட்டு இருக்கேன்."

"கை வழுக்கிடுச்சுடா... சத்தியமா..."

"பிடிச்சுக்குங்க அத்தான்."

சரக்...

"விட்டுடாதீங்க அத்தான்."

சரக்...

"விட்டுடாதீங்கன்னு அன்னைக்கு எத்தனை தடவை கத்தினேன்?"

பிறகு ஒரு நொடி சத்தமே இல்லை. மழைகூடக் கேட்கவில்லை.

"இப்ப நான் விடறேன்."

அந்த விரல்கள்... ஒவ்வொன்றாக... விலகின.

அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

இரும்பு கல்லில் மோதும் சத்தம். மறுபடியும். மறுபடியும். திருப்பம் வரை.

மூவரும் ஓடிவந்தார்கள். அவளும் ஓடினாள். மேஸ்திரி திருப்பத்து மதிலில் சாய்ந்து கிடந்தார். நெஞ்சு நசுங்கியிருந்தது. எத்தனையோ பேரின் ரத்தத்தைக் கையில் ஏந்தியவள். துப்பட்டாவைச் சுருட்டிக் காயத்தில் அழுத்தினாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வழுக்கல... நான்தான் விட்டேன்... வேணும்னுதான் விட்டேன்..."

ஆம்புலன்ஸ் வந்தது. படியடியோடு நின்றது. ஸ்ட்ரெச்சர் அந்தத் திருப்பத்தில் திரும்பவில்லை. கடைசியில் அவள் வீட்டு நாற்காலி ஒன்றில் கட்டி உட்கார வைத்துத்தான் இறக்கினார்கள். வண்டியை எட்டும் முன் உயிர் போய்விட்டது.

அப்போதுதான் தாடிக்காரன் கேட்டான்.

"அக்கா... பீரோ எங்கக்கா?"

திருப்பத்தில் இல்லை. படியில் இல்லை. அடிவாரத்திலும் இல்லை.

நான்கு பேருமாக மேலே போனார்கள். படுக்கையறைக் கதவு திறந்திருந்தது.

பீரோ நின்றுகொண்டிருந்தது. ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில். அங்கே வைக்கலாம் என்று அவள் மனதுக்குள் நினைத்திருந்தாளே தவிர, யாரிடமும் சொல்லவில்லை. ஒரு கீறல் இல்லை. வெளியே கொட்டுகிற மழை. பீரோவில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

ஆட்கள் மூவரும் செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினார்கள். அவள் எனக்குப் போன் செய்தது அப்போதுதான்.

இதோடு முடிந்திருந்தால், மழையில் ஏதோ தவறாகப் பார்த்துவிட்டாள் என்று நானே சொல்லியிருப்பேன். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் மேஸ்திரியின் மனைவி வந்தாள். நானும் அப்போது அந்த வீட்டில்தான் இருந்தேன். ஒடிசலான பெண். இடது புருவத்தில் தழும்பு. தண்ணீர் கூட வேண்டாம் என்றாள்.

"அந்த பீரோவைக் கொஞ்சம் பாக்கலாமாக்கா?"

கூட்டிப்போனோம். அவள் தரையில் மண்டியிட்டாள். பீரோவின் ஒரு காலுக்கடியில், ஆடாமல் இருக்க அட்டையை நாலாக மடித்துச் செருகியிருந்தது. அதுவரை நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"என் தம்பி வேலை எப்பவும் சுத்தம்" என்றாள்.

பிறகு சொன்னாள். தம்பி அவள் புருஷனிடம்தான் மூட்டை தூக்கினான். அக்கா உடம்பில் காயங்களைப் பார்த்துவிட்டு, "நான் அவளைக் கூட்டிட்டுப் போறேன்" என்று ஒருநாள் மேஸ்திரி முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டான். அடுத்த நாளே இந்தப் படியில், வேறொரு வீட்டு பீரோவோடு, தம்பி கீழ்ப்பக்கம் பிடித்தபோது மேஸ்திரிக்குக் 'கை வழுக்கியது'. அந்த மேஸ்திரியை இனி அவர் இவர் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அதற்கப்புறம் அவன் இந்தப் படிப்பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லையாம்.

"அப்புறம் எப்படி அன்னைக்கு மட்டும் வந்தான்?" என்று நான் கேட்டேன்.

"கடைக்காரர் சொல்லி அனுப்பினப்ப அவர் வீட்டுல இல்லக்கா. நான்தான் சரின்னு சொல்லிட்டேன். தெருமுனைக் கடைக்கு வரச் சொன்னாங்கன்னு மட்டும் சொன்னேன், எந்த வீடுன்னு அவர்கிட்ட மூச்சு விடல."

"ஏம்மா?"

அவள் பீரோக் கதவை ஒரு முறை தடவிக்கொடுத்தாள். உறங்குகிற குழந்தையைத் தடவுவது போல.

"தம்பி கேட்டான்க்கா. செத்த அன்னையிலேர்ந்து தினமும் வாசல்ல வந்து நின்னு கேட்டுட்டே இருந்தான்... 'அத்தானை ஒரே ஒரு தடவை அந்தப் படிக்கு அனுப்புக்கா'ன்னு."