கோணல் காசும் என் கைவண்ணமும்

ஓய்வு பெற்ற ஆண்களுக்கென்றே இந்த நாட்டில் சில பேய்கள் உண்டு. சிலரைக் கோல்ஃப் பிடிக்கும், சிலரைச் சங்கத் தலைவர் பதவி பிடிக்கும். என்னைப் பிடித்தது உலோகம் தேடும் கருவி. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நீண்ட தடியை நிலத்துக்கு மேல் ஆட்டியபடி நடக்க வேண்டும். கீழே உலோகம் இருந்தால் அது கீச்சென்று கத்தும். ஆறு மாதத்தில் எங்கள் ஊரான கிரான்பர்னின் மண் எனக்கு அள்ளித் தந்த செல்வம்: பியர் போத்தல் மூடிகள் ஒரு வாளி, துருப்பிடித்த ஆணிகள் அரை வாளி, ஒரு கரண்டி. கரண்டி எங்கள் வீட்டுடையது.

"என்னப்பா, இண்டைக்கு மூடியோ, ஆணியோ?" என்று மனைவி தினமும் கேட்பாள். அவ்வளவு அக்கறை!

என்னை மதித்த ஒரே ஆள் பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மாதான். எண்பதை நெருங்கும் வயது. அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒருநாள் வேலிக்கு மேலால் கூப்பிட்டார்.

"எங்கள் அப்பாவின் வெள்ளிக்காசு ஒன்று, மூன்று பென்ஸ், பின் வேலியோரம் எங்கோ கிடக்கிறது. சின்ன வயதில் தம்பி அதை எறிந்ததைக் குசினி ஜன்னலால் என் கண்ணால் பார்த்தேன். அவனோ நான்தான் ஒளித்து வைத்தேன் என்று இன்றுவரைக்கும் சாதிக்கிறான். சனிக்கிழமை பேர்த் நகரத்திலிருந்து வருகிறான். டாக்டர்கள் அவனுக்கு அதிக நாள் சொல்லவில்லை. அதற்குள் தேடித் தருவீர்களா? பார்த்தாலே தெரியும், அது குரூக்."

குரூக்! இந்தச் சொல் எனக்குத் தெரியாதா? இருபத்தேழு வருடம் இந்த நாட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தவன் நான். உடம்பு சரியில்லை என்றால் குரூக். கார் கிளம்பாவிட்டால் குரூக். ஆக, காசு பழுது. பாவம், மண்ணுக்குள் கிடந்து என்ன பாடுபட்டதோ.

வியாழக்கிழமை பின் வேலியோரம் கருவி கத்தியது. ஒரு சாண் ஆழத்தில், கோட்டுப் பொத்தான் அளவில், கறுத்து, பொரித்த அப்பளம் போல வளைந்து கிடந்தது காசு. ஓடிவந்து மனைவியிடம் காட்டினேன். அவள் அதைத் தோசைத் தட்டில் வைத்துப் படமெடுத்து, தன் சகோதரிகளின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினாள். "இவரின்ரை ஆறு மாத உழைப்பு. இனி எங்களுக்கு ராசயோகம்தான்" என்று கீழே எழுதியும் விட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு பொருளைத் திருப்பிக் கொடுப்பதென்றால் இப்படி வளைந்தபடியா கொடுப்பது? நாம் என்ன மரியாதை தெரியாதவர்களா? காஸ் அடுப்பில் காசை மெல்லச் சிவக்கும் வரை சூடாக்கினேன். அப்படிச் செய்யாமல் நிமிர்த்தினால் பழைய வெள்ளி வெடித்துவிடும். தண்ணீரில் போட்டேன். இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே வைத்து, மேசையில் பூட்டிய இடுக்கியில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். விளிம்பில் வரிவரியாக இருந்த கீறல்களைச் சாண்ட் பேப்பரால் தேய்த்தேன். பழங்காசைத் தேய்க்கவே கூடாது என்று இணையத்தில் நூறு பேர் கத்துகிறார்கள். அவர்கள் எங்கள் வீட்டு வெள்ளி விளக்கைக் கண்டிருக்கிறார்களா? கடைசியில் திருநீறு போட்டு ஒரு தேய் தேய்த்தேன்.

"ஐயோ, சாமிக்கு வச்ச திருநீறப்பா! உங்களுக்கென்ன விசரே?"

"நீர் மட்டும் விளக்குக்குத் திருநீறு போடேல்லையே?" என்றேன். காசு பளபளவென்று சிரித்தது.

சனிக்கிழமை, பழைய தோட்டுப் பெட்டி ஒன்றில் பஞ்சு வைத்து, அதன்மேல் காசை வைத்து, மனைவியோடு தேநீருக்குப் போனேன். தம்பிக்காரர் மெலிந்து, கைத்தடியோடு கதிரையில் இருந்தார். அந்த அம்மா பெட்டியைத் திறந்தார். அவர் முகம் அப்படியே விழுந்துவிட்டது.

"இது நேராக இருக்கிறதே" என்றார். "எங்களுடையது குரூக். கோணல். அப்பா வேண்டுமென்றே குறட்டால் வளைத்தது. நத்தார் பண்டிகைப் புடிங்குக்குள் போட்டு அவிப்போம். அது யாருடைய துண்டில் வருகிறதோ, அன்றைக்கு அவர் கோப்பை கழுவத் தேவையில்லை."

தம்பிக்காரர் சிரித்தார். "எந்தக் கடையில் வாங்கினாய், அக்கா?"

எனக்குக் காது சூடானது. அந்த அம்மா பெட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "நான்தான் நிமிர்த்தினேன். குரூக் என்றால் பழுது என்று நினைத்தேன்" என்று சொன்னேன். யார் நம்புவது? நானே நம்பமாட்டேன்.

அப்போதுதான் மனைவி போனை எடுத்தாள். சகோதரிகள் போட்ட சிரிப்புப் பொம்மைகளையெல்லாம் தள்ளித் தள்ளி மேலே போய், தோசைத் தட்டுப் படத்தைத் தம்பிக்காரரிடம் நீட்டினாள்.

அவர் கண்ணாடியை மாட்டினார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். விளிம்பில் நான் மெனக்கெட்டுத் தேய்த்து அழித்த கீறல்கள் வரிசையாகத் தெரிந்தன.

"அப்பாவின் குறட்டுப் பல் பதிந்த தடம்" என்றார். அக்காவின் பக்கம் திரும்பினார்.

"மூன்று வருடம் தொடர்ந்து உனக்கே வந்தது. ஆத்திரத்தில் நான்தான் எறிந்தேன். அப்பா உனக்குத்தான் அடித்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்."

தம்பிக்காரர் கைத்தடியை ஊன்றி எழும்பி, பெட்டியைத் திறந்து, காசை எடுத்து அக்காவின் வெறும் தேநீர்த் தட்டில் வைத்தார். பிறகு நாலு கோப்பைகளையும் இரண்டு இரண்டாகக் கொண்டுபோய் குசினித் தொட்டியில் வைத்துத் தண்ணீரைத் திறந்தார். அந்த அம்மா கண்ணைத் துடைத்தார், உதவிக்கு எழும்பவில்லை.

எனக்கு மனம் கேட்கவில்லை. துவாயை எடுத்துக்கொண்டு கோப்பை துடைக்கக் கிட்டப் போனேன்.

"வேண்டாம், மேட்," என்றார் திரும்பிப் பார்க்காமலே. "நீ துடைத்தது போதும்."