தெரியாது என்று சொல்லத் தெரிந்தவர்

சட்டன் பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது சவிரி அண்ணையின் மகள் போனில் சாவுச் செய்தி சொன்னாள். “மாமா, அப்பா விடிய மோசம் போயிட்டார்.” பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை. இந்த அஞ்சலியை எழுத உட்கார்ந்தாலும் அதே கதைதான். இரண்டு வரி எழுதுகிறேன், எழும்பி நடக்கிறேன்.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரில், கிங்ஸ்பரியில் ஒரு புடவைக்கடைக்கு மேலே எங்கள் சிறிய தமிழ் வானொலி இருந்தது. வன்னியில் இராணுவம் பெருந்தாக்குதலைத் தொடங்கிய பிறகு தொலைபேசி ஓயவில்லை. தங்கள் ஆட்கள் இருக்கும் பக்கம் என்ன நிலைமை என்று சனம் கேட்டுக்கொண்டே இருந்தது. செய்தி வாசிக்கும் சவிரி அண்ணை எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்வார்: “தெரியாதம்மா.” நேயர்கள் ‘தெரியாதண்ணை’ என்று பட்டம் வைத்தார்கள். மன்னார்க்காரரான அண்ணை சிரிப்பார். “தெரியாததைத் தெரியாது எண்டு சொல்ல என்ன வெக்கம்?”

‘மக்கள் பாதுகாப்பாக உள்ளனர்’ என்று நான் எழுதிக் கொடுத்தால் வெட்டிவிடுவார். “நீ பாத்தனியோ?”

ஒருநாள் அந்தத் தொலைபேசியில் என் அக்கா. யாருடையதோ சற்றலைட் போனில் வன்னியிலிருந்து பேசினாள். “தம்பி, கடற்கரைப் பக்கம் போகச் சொல்லுறாங்கள். போறதோ, இருக்கிறதோ? கெதியாச் சொல்லு.” என் முன்னால் அரசாங்கம் அறிவித்த பாதுகாப்பு வலயத்தின் வரைபடம்; அந்தக் கடற்கரை அதற்குள்தான் இருந்தது. ‘போ’ என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணை வரைபடத்தின்மேல் கையை வைத்து, வேண்டாம் என்று தலையசைத்தார்.

“தெரியாதக்கா,” என்றேன். இணைப்பு அறுந்தது. அதற்குப் பிறகு அவள் குரலை நான் கேட்கவில்லை.

“என்ன மனுசனண்ணை நீங்கள்! ஒரு வழி சொல்ல விட்டீங்களோ?” என்று கத்தினேன். அவர் வரைபடத்தை மடித்து வைத்தார். அந்த வலயத்துக்குள்ளும் ஷெல் விழுந்த செய்தியை அடுத்த கிழமை அவர்தான் வாசித்தார். வாசித்து முடித்தும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு இன்றைக்கும் கோபம் ஆறவில்லை, ஐயோ, யார்மேல் என்றுதான் விளங்கவில்லை.

வானொலி மூடிய பிறகும் ஒவ்வோராண்டும் அக்கா பேசிய அதே திகதியில் அண்ணை எனக்குப் போன் எடுப்பார். சுகம்கூட விசாரிக்க மாட்டார்.

“தம்பி, ஏதும் தெரிஞ்சுதோ?”

“தெரியாதண்ணை.”

“ஓம்… வைக்கிறன்.”

இந்த முறை எடுக்கவே கூடாது என்று நினைப்பேன். முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன்.

அவரை அறிந்த நீங்கள் அந்தக் கணீரென்ற குரலை நினைப்பீர்கள். எனக்கு அவர் விட்டுப்போனது அந்த ஒரு சொல்தான். அதை வைத்துக்கொண்டுதான் அக்காவுக்கு இன்னும் திவசம் கொடுக்காமல் இருக்கிறேன். அடுத்த மாதம் அந்தத் திகதி வருகிறது. சொல்ல என்னிடம் ‘தெரியாது’ இருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை.