முகம் கழுவிய தண்ணீர்

எனக்குச் சந்தேக புத்தி. இதில் மறைக்க ஒன்றுமில்லை, என்னைத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். வீட்டைப் பூட்டிவிட்டுப் படி இறங்குவதற்குள் என் கணவரிடம் நாலு கேள்வி கேட்டுவிடுவேன். கேஸ் மூடியாச்சா, மோட்டார் நிறுத்தியாச்சா, பின்கதவு சாத்தியாச்சா, அயர்ன்பாக்ஸ் பிளக்கைப் பிடுங்கியாச்சா. எல்லாவற்றுக்கும் "ஆச்சு" என்பார். நான் நம்ப மாட்டேன். ஒரு முறை கச்சிராயபாளையம் வரைக்கும் பைக்கில் போன பிறகு, "கேஸு மூடினத நான் பாக்கல, திருப்பு வண்டிய" என்று ஒரே பிடியாகப் பிடித்து, கள்ளக்குறிச்சிக்குத் திரும்பி வந்து பார்த்தேன். மூடித்தான் இருந்தது. அவர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கும் தனியாகத் திட்டு வாங்கினார்.

கல்யாணமாகி முதல் வருஷம். நான் மணலூர்பேட்டைப் பக்கம், அவர் ரிஷிவந்தியம் பக்கம். கள்ளக்குறிச்சியில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அவருக்கு வீடு வீடாகப் போய் இன்வெர்ட்டர் மாட்டும் வேலை. எனக்கு ஒரு தனியார் பள்ளி ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை. இரண்டு பேருக்கும் ஞாயிறு மட்டும்தான் லீவு. பொங்கல் முடிந்து பனி விலகியதிலிருந்து ஒரு ஞாயிறு விடாமல் கல்வராயன் மலைக்குக் கிளம்பிவிடுவோம். "வாரா வாரம் அந்த மலையில இன்னாதான் வெச்சிக்கினு இருக்கீங்க?" என்று கீழ்வீட்டம்மா கேட்டார். "காத்து இருக்குது, மாமியார் இல்ல" என்றேன். அவரும் ஒரு மாமியார் என்பது சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

வெள்ளிமலைக்குப் போகிற வழியில், மலை ஏறி முடித்ததும் ஒரு டீக்கடை இருக்கிறது. கடை நடத்தும் அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். அங்கே வண்டியை நிறுத்தி டீ குடித்துவிட்டு, கடைக்குப் பின்னால் சரிவில் இறங்கிப் போனால் ஓடைக்கரையில் ஒரு பாறை. அதுதான் எங்கள் இடம். அங்கே உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவோம், சண்டை போடுவோம், தூங்கவும் செய்வோம்.

பங்குனி பிறந்ததும் வந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு புது ஆசை வந்தது, அங்கேயே சமைத்துச் சாப்பிட வேண்டும் என்று. மசாலா தடவிய கோழியை டப்பாவில் அடைத்து, ஓர் இரும்புச் சட்டியும் எண்ணெயும் எடுத்துக்கொண்டு போனோம். மலைப்பாதையில் 'காட்டில் தீ மூட்டாதீர்' என்றிருந்த போர்டை நான்தான் சத்தமாகப் படித்தேன். "நாம எங்க காட்டுக்குள்ள போறோம், ஓரத்துலதானே" என்று பதிலும் நானே சொல்லிக்கொண்டேன். மூன்று கல் வைத்துச் சருகு போட்டு மூட்டினோம். கோழி பாதி வெந்தது, பாதி கருகியது. அப்படி ஒரு ருசியை நான் அதற்கு முன் சாப்பிட்டதில்லை.

கிளம்பும்போது அவர் ஓடையில் மணல் போட்டுச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "அடுப்ப அணைச்சிட்டியா?" என்று கேட்டார். "அணைச்சாச்சு, அணைச்சாச்சு. சட்டுனு வா, வெயிலு நல்லா வுழுது, ஒரு போட்டோ எடு" என்றேன். எடுத்தார். படம் அம்சமாக வந்திருந்தது. மலை இறங்குவதற்குள் வாட்ஸ்அப்பில் முகப்புப் படமாக வைத்துவிட்டேன். அந்த வாரம் முழுக்க ஆபீசில் அதே பேச்சுதான். "மூஞ்சி இப்படிப் பளபளன்னு இருக்குதே, இன்னா போடுற?" என்று கேட்காத ஆளில்லை.

அடுத்த ஞாயிறு கடைசி வளைவு திரும்பியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடைக்குப் பின்னாலிருந்த சரிவு முழுக்கக் கரி. புல் இல்லை, புதர் இல்லை. மரங்கள் இடுப்பளவுக்குக் கருத்து நின்றன. மேலே ஒரு மாட்டுக்கொட்டாய் இருந்த இடத்தில் நாலு கரிக்கட்டைகள் நட்டபடி நின்றன. நான் வண்டியிலிருந்து குதித்தேன்.

"ஐயய்யோ! எவன் பண்ண வேலக்கா இது? பீடியக் குடிச்சிட்டு அப்படியே வீசிட்டுப் போயிருப்பான். அவன் கை வெளங்குமா? அவன் வூடு இப்படி எரிஞ்சா சும்மா இருப்பானா?" என்று ஹெல்மெட்டோடு நின்று கத்தினேன்.

"வெளியாளு இல்லம்மா. எங்க வூட்டுக்காரருதான்" என்றார் அக்கா, டீயை ஆற்றிக்கொண்டே.

போன ஞாயிறு காலையில், சாமை விதைப்பதற்காக அவர் கணவர் கொல்லையில் புதரை வெட்டிப் போட்டு எரித்திருக்கிறார். சாயங்காலம் சரிவில் தீ ஏறியது. கணவருடைய அண்ணனின் மாட்டுக்கொட்டாயும் வைக்கோல் போரும் போய்விட்டன. மாடுகள் மேய்ச்சலுக்குப் போயிருந்ததால் பிழைத்தன.

"ரெண்டு கொடம் தண்ணி ஊத்திட்டுதான் வந்தேன்னு தலையில அடிச்சி சத்தியம் பண்றாரு. யாரு நம்புவாங்க? அண்ணன் கால்ல வுழுன்னு ஊர்ல சொன்னாங்க. செய்யாத தப்புக்கு வுழ மாட்டேன்னு நின்னுட்டாரு. இன்னிக்கி நாலு மணிக்கு மறுபடியும் கூட்டம். இன்னிக்கும் வுழலன்னா தள்ளி வெச்சிடுவாங்க. நல்லது கெட்டதுக்கு ஒருத்தரும் எங்க வாசல மிதிக்க மாட்டாங்க."

"நீங்க இன்னாக்கா சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"எனக்கே நம்பிக்க இல்லியே. இருவது வருசமா பாக்குறேன், எதுலயும் அவசரம். ஒரு வாரமா நான் சோறு போடல. கொல்லையிலயே படுத்துக்கினு கெடக்குறாரு."

அதைக் கேட்டபின் டீ என் தொண்டையில் இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். நன்றாகவே இறங்கியது. "ஆம்பளைங்களே அப்படித்தான்க்கா. அணைச்சேன்னு சொல்லுவாங்க, அணைச்சிருக்க மாட்டாங்க" என்று ஆறுதல் வேறு சொன்னேன். என் கணவர் டம்ளரை வைத்துவிட்டுச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கால் வைத்த இடமெல்லாம் சாம்பல் பறக்க, பாறைக்கு இறங்கினோம். அங்கே எங்கள் மூன்று கற்களும் வைத்தது வைத்தபடி இருந்தன. அவற்றுக்கு ஓடைப் பக்கம் புல் மஞ்சளாக, எரியாமல் நின்றது. கரி அந்தக் கற்களிடம் தொடங்கி, முறம் போல அகன்று அகன்று மேலே ஏறிப் போயிருந்தது. போகிற வழியில் அக்கா வீட்டுக் கொல்லைக் கரியோடு அது ஒட்டிக்கொண்டதால், மேலே நின்று பார்க்கிறவர்களுக்கு எது எங்கே தொடங்கியதென்று தெரியாது. எனக்குத் தெரிந்தது.

அப்போதும் பாருங்கள், என் வாய் அடங்கவில்லை. "நீதானே கடைசியா இங்க இருந்த? சட்டிய எடுத்தது நீ. நாலு கை மண்ணு தள்ளினா கொறஞ்சா போயிடுவ?" என்று அவர் மேல் பாய்ந்தேன்.

"வுடும்மா" என்றார்.

"இன்னாத்த வுடறது? இரு, எல்லாம் போட்டோல இருக்கும்" என்று போனை எடுத்தேன்.

ஒரு வாரமாக நூறு முறை பார்த்த படம்தான். நூறு முறையும் என் முகத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். இப்போதுதான் மற்றதைப் பார்த்தேன். என் கையில் காலித் தண்ணீர் பாட்டில். இடது தோளுக்குப் பின்னால் மூன்று கற்கள். அவற்றின் நடுவிலிருந்து நூலாக ஒரு புகை.

எல்லாம் ஞாபகம் வந்தது. அடுப்பில் ஊற்றுவதற்கென்று ஒரு பாட்டில் தண்ணீரைத் தனியாக வைத்ததே நான்தான். புகையிலும் எண்ணெயிலும் முகம் பிசுபிசுவென்றிருந்தது. ஓடைத் தண்ணீரை அவர் சட்டி தேய்த்துக் கலக்கி வைத்திருந்தார். படத்தில் நன்றாக இருக்க வேண்டுமே என்று அந்தப் பாட்டில் தண்ணீரில் முகம் கழுவினேன். அப்புறம் மண் தள்ளிக்கொள்ளலாம் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. தள்ளியது ஞாபகம் இல்லை. தள்ளவே இல்லை. சற்று முன்னால் கடை வாசலில் நான் விட்ட சாபமெல்லாம் யாருக்கென்று அப்போது புரிந்தது.

"கெளம்பிடலாம் வா" என்றேன். ஆமாம், அதைத்தான் சொன்னேன். "யாருக்குத் தெரியப் போவுது? இந்தப் பக்கமே வர வேணாம்." அவர் பாறையில் உட்கார்ந்துவிட்டார். வண்டிச் சாவி அவரிடம் இருந்தது. நான் அழுதேன், திட்டினேன், கையைப் பிடித்து இழுத்தேன். அவர் அசையவில்லை.

மேலேயிருந்து அக்கா இறங்கி வந்தார். கையில் ஒரு பாட்டில். "பையில தண்ணியே காணோமேன்னு பாத்தேன். வெயிலு ஜாஸ்தியா இருக்குது, இந்தாம்மா" என்று நீட்டினார்.

என்னால் அதை வாங்க முடியவில்லை. பாட்டிலுக்குப் பதிலாக என் போனை அவர் கையில் வைத்தேன். அவர் படத்தைப் பார்த்துச் சிரித்தார். "நல்லா கீறம்மா" என்றார். "அத இல்லக்கா, பின்னால பாருங்க. போன ஞாயித்துக்கெழம எடுத்தது" என்றேன். அவர் படத்தைப் பார்த்தார். கற்களைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவர் அப்படியே கரியில் உட்கார்ந்து தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "பாவி நானு, பாவி நானு, எட்டு நாளா அந்த மனுசன..." என்றார். பிறகு எழுந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். மேலே ஊர்க் கூட்டத்துக்குப் போய்ச் சேரும் வரை விடவில்லை.

ரேஷன் கடை முன்னால் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். அக்காவின் கணவர் ஓரமாக, எட்டு நாள் தாடியோடு நின்றுகொண்டிருந்தார். நான் சொன்னேன். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது, முதல் முறை முணுமுணுத்தேன். என் போன் கை மாறிக் கை மாறிப் போயிற்று. நான் பளபளவென்று சிரிக்கும் அந்த முகத்தை ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். கொட்டாயைப் பறிகொடுத்த அண்ணன் எங்களைக் கேட்காத கேள்வியில்லை. எல்லாவற்றுக்கும் நாங்கள் தலை குனிந்து நின்றோம். கொட்டாயை நாங்களே வந்து கட்டித் தர வேண்டும் என்றார்கள். அதன்பின் நாலு ஞாயிறு மூங்கில் சுமந்தோம், புல் அறுத்து வந்து கூரை வேய்ந்தோம்.

கூட்டம் கலைந்த பிறகு அக்கா தன் கணவர் முன்னால் போய் நின்றார். தலையைத் தூக்கவில்லை. கணவர்தான் "சோறு ஆக்கிக்கீறியா?" என்று கேட்டார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுப் பக்கம் ஓடினார்.

நாங்கள் மலை இறங்கினோம். பாதி வழியில் நான் அவர் முதுகைப் பார்த்துக் கேட்டேன்.

"போட்டோ எடுத்தது நீதானே. பொகை உனக்குத் தெரியலியா?"

"தெரிஞ்சிது."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

வளைவில் ஹாரன் அடித்து, வண்டியைத் திருப்பிய பிறகு சொன்னார்.

"அதான் அணைச்சாச்சுன்னு சொன்னியே."