தந்தியில் படாத வில்

சென்னையிலிருந்து வந்த இசையமைப்பாளர் மீது எனக்குச் சந்தேகம் வந்ததற்குக் காரணம் வெற்று வட்டங்கள்.

மூன்று பேர் வாசிப்பதற்காக அவர் புதிதாக ஒன்று எழுதிக்கொண்டிருந்தார். நான் வயலின். வேலூரிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண் செல்லோ, தரையில் நிறுத்தி வாசிக்கும் பெரிய வயலின் மாதிரி. புல்லாங்குழல் வாசிப்பவருக்கு ஆரணியில் பட்டுச்சேலைக் கடை. கடையின் மேல்மாடியில் ஒத்திகை. தாளில் வட்டம் வந்தால் வில் தந்தியில் படக்கூடாது. ஆனால் கை, தோள், மூச்சு எல்லாம் வாசிப்பதைப் போலவே நடக்க வேண்டும். அப்போது பக்கத்தில் செல்லோ மெல்ல ஒலிக்கும். பார்ப்பவருக்கு அந்த ஒலி என் கையிலிருந்து வருவதுபோல் இருக்க வேண்டும் என்றார்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மற்ற இருவரைவிட என் தாளில்தான் வட்டங்கள் அதிகம். திருத்திக் கொண்டுவரும் ஒவ்வொரு முறையும் இன்னும் கூடின. சேவூரில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லித் தருகிறவள் நான். என்னைச் சும்மா கையாட்ட வைக்கிறாரே என்று எரிச்சலாக இருந்தது.

அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். சுருதியைப் பற்றி அவர் வாயே திறப்பதில்லை. வில் இன்னும் கொஞ்சம் உயரட்டும், முழங்கை தளரட்டும் என்பதோடு சரி. என்னிடம் பேசும்போது நேர் எதிரே வந்து நின்று, நிறுத்தி நிறுத்தி, உரக்கப் பேசுவார். காது மந்தமானவர்கள்தானே அப்படிப் பேசுவார்கள்? இவருக்குக் காது கேட்கவில்லை, அதை மறைக்கத்தான் இந்தச் சத்தமில்லாத சங்கீதம் என்று முடிவு கட்டினேன்.

சோதித்தும் பார்த்தேன். ஒருநாள் ஒத்திகைக்கு முன் வயலின் தலையில் இருக்கும் பிருடையைத் திருகி இரண்டாவது தந்தியை அரை சுருதி இறக்கினேன். வாசித்ததும் புல்லாங்குழல்காரர் திரும்பிப் பார்த்தார். இசையமைப்பாளர் தலையாட்டிக்கொண்டே, "அப்படியே போங்க" என்றார்.

அன்று பஸ் ஸ்டாண்டில் செல்லோப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகம் மாறியது.

"அவரு உங்களப் பத்தி இதையேதான்கா கேட்டாரு."

"என்னான்னு?"

"உங்களுக்குக் காது சரியா கேக்குதான்னு. யாரு பேசினாலும் நீங்க வாயையே பாத்துகினு இருக்கீங்களாம்."

பார்ப்பது உண்மைதான். நான் பிறந்த வீட்டில் கீழ்த்தளம் முழுக்க விசைத்தறி. தறி ஓடும்போது கூப்பிட்டால் யாருக்கும் கேட்காது. உதடு அசைவதைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வோம். சாப்பிட வா என்பதற்கும், நூல் அறுந்துவிட்டது என்பதற்கும் கைதான். அண்ணனும் நானும் ஒரு வார்த்தை பேசாமல் முழுச் சண்டையே போட்டிருக்கிறோம். அந்தப் பழக்கம் அடுத்தவர் கண்ணுக்குக் குறையாகப் படும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அடுத்த ஒத்திகையில் நேராகவே கேட்டேன்.

"எனக்குக் காது நல்லா கேக்குதுங்க. கேக்காதுன்னுதான் இத்தனை வட்டம் போட்டீங்களா?"

அவர் என் தாளில் முதல் வட்டத்தின்மேல் விரலை வைத்தார்.

"முதல்ல போட்டது உங்க கைக்காக. பேசறப்போ உங்க கை அவ்வளவு தெளிவா இருந்துது. அப்புறம் கூட்டினதுதான்... சந்தேகத்துல கூட்டினேன். போன தடவை ரெண்டாவது தந்தி இறங்கியிருந்துது. நீங்க கவனிக்காம கடைசி வரைக்கும் வாசிச்சீங்க. சொன்னா மனசு கஷ்டப்படுமேன்னு விட்டுட்டேன்."

"அத நான்தாங்க இறக்கினேன். உங்களுக்குக் கேக்குதான்னு பாக்க."

புல்லாங்குழல்காரர்தான் முதலில் சிரித்தார். இசையமைப்பாளர் சிரிக்கவில்லை. பென்சிலை என்னிடம் நீட்டி, "வேணாங்கறத அடிச்சிடுங்க" என்றார்.

பாதி வட்டங்களை அடித்தேன். நடுவில் வரும் நீளமான பகுதியில் மட்டும் பென்சில் ஓடவில்லை. அங்கே செல்லோவின் ஒலி என் வில்லுக்குக் கீழே இருப்பதாக எனக்கே சில சமயம் தோன்றியிருந்தது.

கச்சேரி அதே மாடியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்தது. கடைக்குப் பழக்கமானவர்களும் தெருக்காரர்களும் வந்திருந்தார்கள். அந்த நீளப் பகுதி வந்தபோது முன்வரிசையில் ஒரு அம்மாள் கணவரிடம், "இப்ப யாரு வாசிக்கிறது?" என்று கிசுகிசுத்தார். அவர் தயங்காமல் என்னைக் காட்டினார். என் வில் தந்திக்கு மேலே காற்றில் போய்க்கொண்டிருந்தது.

முடிந்ததும் இசையமைப்பாளர் வந்து, எல்லாரிடமும் பேசும் குரலில், "நல்லா இருந்துது" என்றார்.

செல்லோப் பெண்ணை பஸ் ஏற்றிவிடப் போனேன். வழியில்தான் அது உறைத்தது. தந்தியை இறக்கிய விஷயத்தை அவர் வாயால் சொல்வதற்கு முன்பே நான் இவளிடம் சொல்லியிருந்தேன். அப்படியானால் அது அவர் காதுக்கே கேட்டதா, இவள் சொல்லித் தெரிந்ததா?

"தந்தி விஷயத்த நீ அவருகிட்ட சொன்னியா?"

"ஞாபகம் இல்லக்கா" என்றபடி அவள் செல்லோவை அணைத்துக்கொண்டு படியில் ஏறினாள். பஸ் கிளம்பிவிட்டது.