அன்னக்கொடியின் முகத்தில் வழிந்த கறுப்பு

அன்னக்கொடிக்கு முகத்தில் மங்கு விழுந்தது மகள் அழகம்மாள் பிறந்த பிறகுதான். இரண்டு கன்னமேட்டிலும் தேயிலைக் கறைபோல லேசாகப் படர்ந்தது. சிம்மக்கல்லில் கூடை போட்டு எலுமிச்சம்பழம் விற்க உட்கார்ந்த கோடைகளில் அது அடர்ந்துபோனது. அவளுக்குக் கிடைத்தது மேற்குப் பார்த்த இடம். உச்சி சாய்ந்ததும் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். நிழலான இடமெல்லாம் பழைய ஆட்களுக்கு. வியாபாரம் நடந்துகொண்டிருந்ததால் மங்கைப் பற்றி அவள் பெரிதாக நினைக்கவில்லை.

நினைக்க வைத்தது ஒரு காதுகுத்து. எழுபத்தெட்டாம் வருஷம், செல்லம்பட்டிப் பக்கம், தம்பி காளையின் மகனுக்குக் காது குத்தினார்கள். அத்தைக்காரியாகச் சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவளைப் பார்த்து, பந்தல்காலைப் பிடித்து நின்ற ஒருத்தி கேட்டாள்.

"ஏ அன்னக்கொடி, மூஞ்சியில என்னடி, அடுப்புக்கரிய அப்பிக்கிட்டு வந்துட்டியா?"

நின்றவர்கள் சிரித்தார்கள். அன்னக்கொடியும் சிரித்தாள்.

மதுரைக்குத் திரும்பிய மறுநாள், அமுங்கிப்போன பழம் ஒன்றை வெட்டி முகம் முழுக்கத் தேய்த்துக்கொண்டாள். செம்புக்குடம் பளபளக்க எலுமிச்சம்பழம்தான் என்று வாங்குகிறவர்களிடம் அவளே எத்தனையோ தடவை சொல்லி விற்றிருக்கிறாள். செம்பை வெளுக்கிறது முகத்தை வெளுக்காதா? சாறு ஊறட்டும் என்று கழுவாமல் விட்டாள். வெயிலில் காய்ந்தால் நன்றாகப் பிடிக்கும் என்று முந்தானையையும் விலக்கிவிட்டு உட்கார்ந்தாள். எரிந்தபோது, வேலை செய்கிறது என்று நினைத்தாள்.

தினமும் தேய்த்ததில் சில நாளில் முகம் சிவந்து கொப்புளம் கண்டது. வலி தாங்காமல் தேய்ப்பதை நிறுத்தினாள். கொப்புளம் உடைந்து வற்றிய இடங்களில் பொருக்குத் தட்டியது. அதைச் சுற்றிலும் கறுப்பு எழும்பியது. பழைய மங்கு அல்ல, கருந்திராட்சை நிறம். நெற்றியில், கன்னத்தில், தாடைக்குக் கீழே கழுத்துவரை. பழத்தை விட்ட பிறகு எழும்பியதால் பழத்தின்மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. சாமிக்கு மாலை கோக்கிற பழம், பிள்ளைக்குத் திருஷ்டி கழிக்கிற பழம், அது கெடுதல் செய்யுமா?

வேறு ஒன்று நினைவுக்கு வந்தது.

அவளுடைய பெரியப்பா நல்லகாமனுக்கும் முகத்தில்தான் முதலில் படை கண்டது. பெருவியாதி, குஷ்டம் என்றார்கள். ஊருக்கு வெளியே புஞ்சை ஓரத்தில் ஒரு குடிசை போட்டு அவரை வைத்தார்கள். சோறு கொண்டுபோகிற வேலை சிறுபிள்ளையாக இருந்த அன்னக்கொடிக்கு. வரப்பிலேயே நின்று, கல்மேல் இருக்கும் அவர் தட்டில் சோற்றைக் கவிழ்த்துவிட்டு ஓடி வந்துவிட வேண்டும். "நில்லு தாயி, ஒரு வார்த்தை பேசிட்டுப் போ" என்று அவர் கூப்பிடுவார். அவள் நின்றதே இல்லை.

பெருவியாதி வந்த இடம் மரத்துப்போகும் என்று கேள்விப்பட்டிருந்தாள். தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக் கன்னத்தில் குத்திப் பார்த்தாள். வலித்தது. நிம்மதியாக இருந்தது. நெற்றிப் பொருக்கில் குத்தினாள். ஒன்றும் தெரியவில்லை. இன்னும் அழுத்தினாள். ஒன்றுமே தெரியவில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு தட்டு தனி, ஒரு தம்ளர் தனி. பாய் கதவோரம் போனது. அழகம்மாள் ஓடிவந்து கழுத்தைக் கட்டினால், "அங்கிட்டுப் போ, தொடாத" என்று விரட்டினாள். மடியில் ஏற வந்த பிள்ளையை ஒருமுறை தள்ளியே விட்டாள். பிள்ளை விழுந்து எழுந்து, அழக்கூட மறந்து அவளையே பார்த்தது.

புருஷன் விருமாண்டி ஆரப்பாளையத்தில் கைவண்டி இழுப்பவன். "என்னடி, தட்டெல்லாம் தனித்தனியா? ஓட்டல் கீட்டல் வைக்கப் போறியா?" என்று கேலி பேசினான். அவள் தன் தட்டைக் கழுவித் தனியே கவிழ்த்து வைத்தாள். காரணத்தைச் சொன்னால் கேலி நின்றுவிடும். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

சந்தையில் முந்தானையை மூக்குவரை இழுத்துவிட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் மல்லி, புதினா விற்கும் சுல்தான் பீவி வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"என்ன புள்ள, முக்காடு பலமா இருக்கு? எங்காளா மாறிட்டியா? சொல்லிட்டு மாறக்கூடாதா, பிரியாணி ஆக்கியிருப்பேன்ல."

அன்னக்கொடி சிரிக்கவில்லை. வெற்றிலைக்குக் கை நீட்டவும் இல்லை. பீவி எட்டி முந்தானையை விலக்கினாள்.

"அல்லாவே. எம்புட்டு நாளா இப்படி?"

"தொடாதக்கா. பெருவியாதி. யார்ட்டயும் சொல்லிராத."

பீவியின் கை அந்தரத்தில் நின்றது. அது நின்றதை அன்னக்கொடி பார்த்தாள். பிறகு பீவி அவள் தோளைப் பற்றினாள்.

"யாரு சொன்னா பெருவியாதின்னு? நீயே டாக்டராயிட்டியா? நாளைக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போறோம்."

"பிடிச்சு வச்சுக்குவாங்கக்கா."

"வச்சுக்கிட்டா நான் சோறு கொண்டாரேன். பக்கத்துலயே உக்காந்து நானும் திங்கிறேன். போதுமா?"

மருந்து வாங்க ஒரு பாட்டிலையும் எடுத்துக்கொண்டு இருவரும் போனார்கள். வரிசையில் அன்னக்கொடி முந்தானையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

டாக்டரம்மா கண்ணை மூடச் சொன்னார். பஞ்சால் தொடுகிற இடத்தை விரலால் காட்டச் சொன்னார். கன்னம் தெரிந்தது, தாடை தெரிந்தது. பிறகு ஒன்றும் தெரியவில்லை. பஞ்சு எங்கோ தொட்டுக்கொண்டிருக்கிறது, தனக்குத்தான் தெரியவில்லை என்று அவள் நடுங்கினாள்.

"கண்ணைத் திறங்க. இது பொருக்கு, செத்த தோலு. இதுல யாருக்கும் உணர்ச்சி இருக்காது. சுத்தி எல்லா எடமும் சரியாக் காட்டிட்டீங்க" என்ற டாக்டரம்மா, அவள் தாடையை நிமிர்த்திப் பார்த்தார். "இந்தக் கறுப்பு ஏன் கோடு கோடா கீழ எறங்குது? என்னமோ வழிஞ்ச மாதிரி இருக்கே. என்ன வேலை பாக்குறீங்க?"

"எலுமிச்சம்பழம் விக்கிறேன்."

"மொகத்துல தேய்ச்சீங்களா?"

அன்னக்கொடி தலைகுனிந்தாள். "தேய்ச்சியாடி?" என்றாள் பீவி.

"சாறோட வெயில்ல உக்காந்தா தோலு வெந்துரும். வெந்த எடம் கறுத்துப்போகும். வியாதி இப்படி வழிஞ்சு ஓடாதும்மா."

"அது இல்லையா?"

"இல்ல. அதாவே இருந்தாலும் இப்ப மாத்திரை இருக்கு. யாரையும் ஒதுக்கி வைக்க வேண்டியதில்ல."

அன்னக்கொடி அழுதாள். தனக்காக மட்டும் அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

பாட்டிலில் ரோஸ் நிற மருந்து ஊற்றிக் கொடுத்தார்கள். கறுப்பு மங்கப் பல மாதம் ஆகும், அதுவரை வெளுக்கிற களிம்பு எதையும் தடவக்கூடாது, பழம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், பழைய மங்குக்கும் நிழல்தான் முதல் மருந்து என்றார் டாக்டரம்மா.

அந்த வாரமே கூடைக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புக் குடை முளைத்தது. "கலெக்டரம்மா வந்தாச்சு, எந்திரிங்க எல்லாரும்" என்று பீவி சந்தைக்கே அறிவித்தாள். கறுப்பு மெல்ல மெல்ல வற்றியது. பழைய மங்கு குறைந்ததே தவிர முழுக்கப் போகவில்லை. மேகமூட்டமான நாளிலும் அன்னக்கொடி குடையை மடக்கியதில்லை. பல வருஷம் கழித்து அவள் செத்து, பாடையில் எடுத்துப்போன அன்று, பீவி அந்தக் குடையை விரித்து அவள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு தெருமுனைவரை நடந்தாள்.

அதெல்லாம் பிறகு. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று, வாசலில் அழகம்மாள் நின்றிருந்தாள். அன்னக்கொடி உட்கார்ந்து கைகளை விரித்தாள். பிள்ளை வரவில்லை. ஒரு அடி பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. அன்று பெரியப்பாவை நெருங்காமல் வரப்பில் நின்ற சிறுமியை அன்னக்கொடி அந்தப் பிள்ளையில் பார்த்தாள்.

"வா தாயி."

"தொடலாமா?"

"தொடலாம்."

பிள்ளை மெல்ல வந்தது. ஒரு விரலை நீட்டி, நெற்றிப் பொருக்கின் ஓரத்தில் வைத்தது. அன்னக்கொடி கண்ணை மூடிக்கொண்டாள். பிள்ளையின் விரல் ஈரமாக இருந்தது. அது கறுப்புக் கோட்டின் வழியே கன்னத்துக்கு இறங்கி, தாடையில் வந்து நிற்கிறவரை எல்லாம் அவளுக்குத் தெரிந்தது.