சாமுண்டி மலை இறக்கத்தில் ஓவர்டிரைவ்

இடப்பக்க மட்கார்டு நசுங்கி, ஒரு ஹெட்லைட் கண்ணாடி இல்லாமல் அந்த அமெரிக்கக் கார் மைசூர் மண்டி மொஹல்லாவில் இருந்த எங்கள் மெக்கானிக் ஷெட்டுக்கு வந்தது. ஓட்டி வந்தவர் டாக்டர் ருக்மிணி அம்மா. பக்கத்தில் அவருடைய அண்ணன், வக்கீல். இரண்டாம் உலகப் போர் தொடங்குவதற்குச் சற்று முந்தைய காலம். மைசூரில் கார் ஓட்டும் பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

வக்கீல் இறங்கியதும் முதலாளியிடம் சொன்னார்: "மட்கார்டை மட்டும் நிமித்திக் கொடுத்துடுங்கோ. நாளன்னிக்கு ஒருத்தர் வந்து வாங்கிண்டு போறார். இந்த வண்டி எங்களுக்கு பேடா, வேண்டவே வேண்டாம்."

அதற்கு முந்தின நாள் இருவரும் சாமுண்டி மலைக்குப் போயிருக்கிறார்கள். திரும்பி இறங்கும்போது வண்டி கட்டுக்கடங்காமல் ஓடியிருக்கிறது. பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகவே, பள்ளத்தில் விழாதபடி அம்மா மலைப் பக்கமாகவே ஒடித்து மண்மேட்டில் உரசி நிறுத்தியிருக்கிறார். இருவருக்கும் காயமில்லை.

"நியூட்ரல்ல விட்டுட்டா" என்றார் வக்கீல். "பக்கத்துலதானே உக்காந்துண்டிருந்தேன். இஞ்சின் சத்தமே கேக்கலை."

அம்மா குரலை உயர்த்தவில்லை. "ரெண்டாவது கியர்ல இருந்தது. இறக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாலேயே ஓவர்டிரைவ் கைப்பிடியையும் இழுத்துவிட்டேன். ஆனா இஞ்சின் பிடிக்கலை."

"அதெப்படிப் பிடிக்காம போகும்?"

"அதைத்தான் நான் இவாளைக் கேக்கறேன்."

ஓவர்டிரைவ் என்றால்

இப்போதைய பையன்களுக்கு அந்தப் பழைய ஓவர்டிரைவ் தெரிந்திருக்காது. கியர்பாக்ஸுக்குப் பின்னால் இன்னொரு சின்னப் பெட்டி. வண்டி நாற்பது மைல் வேகத்தைத் தாண்டியதும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து ஒரு கணம் காலை எடுத்தால் உள்ளே 'டக்' என்று விழும். அதன்பின் வண்டி அதே வேகத்தில் போகும், இஞ்சின் மட்டும் மெதுவாகச் சுற்றும். பெட்ரோல் மிச்சம்.

ஆனால் அதற்குக் குறைந்த வேகத்தில் வேறொரு குணம் உண்டு. காலை எடுத்தால் சக்கரம் தன்பாட்டுக்கு ஓடும். பெடலை மிதிக்காமல் சைக்கிளில் இறக்கத்தில் போவது போல. எந்த கியரில் இருந்தாலும் இதே கதைதான், இஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்காது. சமதரையில் இது சுகம், மலையில் ஆபத்து. அதற்காக டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு கைப்பிடி வைத்திருப்பார்கள். அதை வெளியே இழுத்தால் ஒரு கேபிள், பெட்டியின் பக்கத்தில் இருக்கும் லீவரைத் திருப்பிப் பூட்டிவிடும். பிறகு அது சாதாரண வண்டி.

எங்கள் ஷெட்டுக்கு வந்த முதல் ஓவர்டிரைவ் வண்டி அதுதான். எனக்கு அதன் அடியிலிருந்து எழுந்து வரவே மனமில்லை.

வண்டிக்கு அடியில் இருந்த ரிப்பேர் குழிக்குள் இறங்கி நின்றுகொண்டு, மேலே ஒருவரைக் கைப்பிடியை இழுக்கச் சொன்னேன். லீவர் முழுதாகத் திரும்பியது. உள்ளே தள்ளச் சொன்னேன், திரும்பி வந்தது. பலமுறை பார்த்தும் ஒரு குறையும் இல்லை.

"விடுப்பா பொன்னுசாமி" என்றார் முதலாளி. "அண்ணன் தங்கச்சி விவகாரம். மட்கார்டை முடிச்சு அனுப்பு."

"ஒரு சந்தேகமுங்க மொதலாளி. பிரேக்கை ஊதித் தொடைச்சாச்சு, அது நல்லாத்தான் பிடிக்குது. லீவரும் சரியாத்தான் திரும்புது. அப்புறம் ஏன் இஞ்சின் பிடிக்கலைங்க? அந்தம்மா சொல்றது அத்தனையும் இந்தப் பெட்டி பூட்டாம இருந்தா நடக்கற சங்கதியுங்க. நியூட்ரல்ல விட்டவங்களுக்கு அவ்வளவு சரியாச் சொல்ல வராதுங்க."

முதலாளி கொஞ்சம் யோசித்தார். "அப்போ அவங்களையே ஓட்டச் சொல்லிப் பாரு. மெதுவா, தெரிஞ்சுதா?"

மலையில்

மறுநாள் காலை அம்மா ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஹேண்ட்பிரேக்கில் கை வைத்திருந்தேன். போகும் வழியில் அவர் சொன்னார்: "நஞ்சன்கூடு பக்கத்துக் கிராமங்கள்ல பிரசவத்துக்குக் கூப்பிடறா. பஸ்ஸை நம்பிப் போனா, நான் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோயிருக்கும். இந்த வண்டி போச்சுன்னா அந்த ஊர்களும் எனக்குப் போச்சு."

மலையில் கொஞ்சம் ஏறி, இறக்கம் அதிகமில்லாத இடமாகப் பார்த்து வண்டியைத் திருப்பினோம். அவர் இரண்டாவது கியர் போட்டு நகர்த்தினார். இஞ்சின் வண்டியை இழுத்துக்கொண்டு போகும்போதே கைப்பிடியை முழுதாக வெளியே இழுத்தார். நான் கண்ணால் பார்த்தேன். பிறகு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார்.

இஞ்சின் சத்தம் அடங்கியது. வண்டியின் வேகம் ஏறியது.

"பாத்தேளா?" என்றார்.

"பாத்தனுங்க. நிறுத்துங்க. கைப்பிடியைத் தொட வேண்டாமுங்க."

கியரில் விட்டு நிறுத்தினாலும் உருளக்கூடிய வண்டி அது. ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, நான்கு சக்கரங்களுக்கும் முன்னால் கல் வைத்தேன். பிறகு அடியில் நுழைந்தேன்.

லீவர் பாதியில் நின்றிருந்தது. கேபிளுக்கு மேல் ஒரு சுருள் உறை உண்டு. அந்த உறை அசையாமல் நின்றால்தான் உள்ளே கம்பி நகரும். உறையைப் பிடித்திருக்க வேண்டிய கிளாம்பை ஒட்டி, விரற்கடை நீளத்துக்கு அழுக்கில்லாத இடம் ஒன்று பளபளவென்று தெரிந்தது. அவ்வளவு தூரம் உறை வழுக்கியிருந்தது.

"நானும் பாக்கலாமா?" என்று மேலிருந்து குரல் வந்தது. நான் பதில் சொல்வதற்குள், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் தரையில் படுத்துவிட்டார். நான் விரலால் காட்டினேன்.

"அப்போ நான் இழுத்தது கம்பிக்குப் போய்ச் சேரலை. உறைதான் நகர்ந்திருக்கு."

"ஆமாங்க."

"ஷெட்ல மட்டும் ஏன் சரியா இருந்தது?"

எனக்கும் உடனே பிடிபடவில்லை. அடியில் படுத்தபடியே லீவரைக் கையால் திருப்பிப் பார்த்தேன். வண்டி நிற்கும்போது ஒரு விரலுக்கே திரும்பியது. அப்போதுதான் விளங்கியது. இஞ்சின் வண்டியை இழுத்துக்கொண்டு ஓடும்போது உள்ளே பல்சக்கரங்களின் பற்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருக்கும். லீவர் லேசில் அசையாது. அந்த நேரம் கைப்பிடியை இழுத்தால், தளர்ந்த கிளாம்பில் உறைதான் வழுக்கிப் போகும். ஷெட்டில் நிறுத்திவைத்து எத்தனை தடவை இழுத்தாலும் இந்தக் குறை தலைகாட்டாது.

கிளாம்ப் ஸ்க்ரூவைக் கையால் தொட்டால் இறுக்கமாகவே இருந்தது. ஸ்பானர் போட்டதும் சும்மா சுற்றியது. மரை தேய்ந்திருந்தது.

லீவரைப் பூட்டும் நிலைக்குத் தள்ளி, கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டினேன். கற்களை எடுத்துவிட்டு, ஹேண்ட்பிரேக்கிலேயே கை வைத்தபடி ஏறினேன். அதே இரண்டாவது கியர். அம்மா காலை எடுத்தார். இஞ்சின் உறுமிக்கொண்டு வண்டியைப் பிடித்து இழுத்தது. அடிவாரம் வரை பிரேக்கை அவர் அதிகம் தொடவில்லை. முகத்தில் நிம்மதி தெரிந்தது.

அன்று மாலை புது போல்ட்டும் கிளாம்பும் போட்டு முடித்தேன். வக்கீல் வந்ததும் பழைய கிளாம்பை அவர் கையில் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தங்கையைக் கேட்டார்: "நாளைக்கு வர்றவர்கிட்ட என்ன சொல்லட்டும்?"

"வண்டி விக்கறதுக்கில்லைன்னு சொல்லிடு."

"சரி. சாவியைக் கொடு, நான் ஓட்டறேன்" என்று அண்ணன் மிடுக்கோடு கையை நீட்டினார்.

"உனக்கு ஓட்டத் தெரியாதே அண்ணா."

முதலாளி சிரிப்பை மறைக்கச் சட்டென்று மட்கார்டு பக்கம் குனிந்துகொண்டார். வக்கீலுக்கே சிரிப்பு வந்துவிட்டது. போய் இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு என்னிடம் கோளாறு என்று வண்டி கொண்டுவந்தவர்களிடம் முதலில் சாவியை வாங்கியதில்லை. "ஏறுங்க, எந்த ரோட்டுல அப்படிச் செஞ்சுதோ அங்கேயே போலாம், நீங்களே ஓட்டுங்க" என்பேன். ஸ்பானர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். நான் கண்டுபிடித்த கோளாறுகளில் பாதி அப்படி உட்கார்ந்திருந்தபோது கண்ணில் பட்டவைதான்.